மூன்றாவது சிஸ்டம்

"நம்மகிட்ட ஓடுறது ரெண்டு சிஸ்டம்தானே அண்ணே? இங்க மூணு காட்டுதே" என்றாள் ஆலியா.

கணேஷ்குமார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான்.

ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் வளையல் கடை மாடியில் அவனுடைய வீடியோ ஸ்டுடியோ. நாலு கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு ஒன்றாகக் கோத்து வைத்திருந்தான். ஒரு கல்யாண வீடியோவைத் துண்டு துண்டாக்கி நாலுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால், ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி வேலை சீக்கிரம் முடியும்.

முந்தாநாள் இடித்த இடியில் இரண்டு படுத்துவிட்டன. அவற்றை எழுப்பத்தான் மன்னார்புரத்திலிருந்து நெட்வொர்க் வேலை பார்க்கிற ஆலியாவை வரச் சொல்லியிருந்தான். கழற்றிப் பார்த்தவள், இது இன்றைக்கு எழுந்திருக்காது என்று கையை விரித்துவிட்டாள்.

உப்பிலியபுரம் அடைக்கலமோ விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். விடிந்தால் அவருடைய பெண்ணும் மாப்பிள்ளையும் சிங்கப்பூருக்குப் பிளேன் ஏறுகிறார்கள். அதற்குள், இன்று ராத்திரியே வீட்டு வாசலில் கல்யாணத்தைப் போட்டுக் காட்டுவதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"தம்பி, திரை கட்டியாச்சு. என் மானம் உங்க கையில" என்று நேற்றுக் காலையிலேயே சொல்லிவிட்டார். நாலில் ரெண்டு படுத்துவிட்டதே, நான் என்ன செய்வேன் என்று கணேஷ்குமார் தெருவுக்கே கேட்கும்படி போனில் புலம்பினான்.

ஆனால் என்ன புண்ணியமோ, இருந்த இரண்டை வைத்தே வேலை மளமளவென்று ஓடியது. சாயங்காலம் முடிந்துவிடும் என்று திரை காட்டியது. பெருமாள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது இது என்ன மூன்றாவது?

ஆலியா ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது மேஜைக்கு அடியில் புகுந்து, பீரோவுக்குப் பின்னால் ஓடி, பலகைத் தடுப்பிலிருந்த ஓட்டைக்குள் மறைந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் நவநீதன் ஸ்டுடியோ.

போன வருஷம்வரை இரண்டும் ஒரே கடைதான். போர்டில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்த பேச்சு வளர்ந்து, நடுவில் பலகை அடித்துப் பிரிந்தார்கள். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் பலகை மெல்லிசு. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

நேற்றுக்கூட நவநீதன் யாரிடமோ, "சிஸ்டமெல்லாம் வேற வேலையா இருக்குங்க. நாளைக்கு வாங்க" என்று சொன்னது கேட்டது. வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிற அளவுக்குத் துரை பெரிய ஆளாகிவிட்டார் என்று கணேஷ்குமார் சிரித்துக்கொண்டான்.

அது என்ன வேலை என்று இப்போதுதான் புரிந்தது. திருட்டு வேலை.

"பிரிஞ்சப்ப கடையைப் பிரிச்சீங்க, ஒயரைப் பிரிக்கலை. பாஸ்வேர்டும் பழசுதான்" என்றாள் ஆலியா.

நம் வீடியோவை உருவி, நமக்கு முந்தி அடைக்கலத்திடம் கொண்டுபோய் நீட்டி, நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறான். கணேஷ்குமாருக்கு ரத்தம் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோக்காரர்கள் சங்கக் கூட்டம். நாலு பேர் நடுவில் அவனை நிற்க வைத்துக் கேட்காமல் விடுவதில்லை.

பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று, நிதானமாகச் சொன்னான்.

"சில பேருக்கு அடுத்தவன் இலையில கை வைக்காட்டி, சோறு இறங்காதும்மா."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

அது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கழற்றலாம் என்றாள் ஆலியா. பார்க்க என்ன இருக்கிறது என்று அவனே குனிந்து ஒயரைப் பிடுங்கினான்.

திரையில் மூன்றாவது சிஸ்டம் மறைந்தது.

கூடவே இன்னொன்றும் மாறியது. சாயங்காலம் முடியும் என்று காட்டிக்கொண்டிருந்தது, நாளைக் காலை என்று காட்டியது.

கணேஷ்குமார் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். நாளைக் காலைதான்.

ஆலியா குரலைத் தாழ்த்தினாள். "அது எதையும் எடுத்துட்டுப் போகலைண்ணே. நேத்து மத்தியானத்துல இருந்து துண்டு துண்டா வாங்கி, முடிச்சு முடிச்சு நமக்கே திருப்பிக் குடுத்துட்டு இருந்திருக்கு. நம்மளது ரெண்டும் சேர்ந்து செஞ்சதைவிட அது செஞ்சதுதான் ஜாஸ்தி."

மேஜைமேல் போன் அடித்தது. அடைக்கலம். எடுக்கத் தைரியம் வரவில்லை.

கையில் ஒயரோடு பலகையைப் பார்த்து நின்றான். அந்தப் பக்கம் போக முகமில்லை. இந்தப் பக்கமிருந்து பேச வாயில்லை. மெல்லக் குனிந்து, ஒயரை மறுபடி செருகினான்.

திரையில் இரண்டுதான் தெரிந்தது.

காது கூசுகிற மாதிரி அப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிறகு, எந்த மனுஷன் திரும்பத் தேர் இழுக்க வருவான்?

மாடிப்படியில் யாரோ ஏறி, பக்கத்துக் கடைக்குள் நுழையும் சத்தம் கேட்டது. ஆல்பம் முடிந்துவிட்டதா என்று ஒரு பெண் குரல் விசாரித்தது.

பிறகு பலகைக்குப் பின்னாலிருந்து நவநீதன் குரல் வந்தது.

"இன்னைக்கும் சிஸ்டம் வேற வேலையா இருக்குங்க. நாளைக்கு வாங்க."