நூற்றொன்றரை டிகிரி

கால்நடை மருத்துவக் கல்லூரிக் கொட்டகையில் மாணவர்கள் பழகிப் பார்க்கவென்றே கட்டிவைத்திருந்த பசு செவலை. "என்னைத் தொட்டுப் பாத்துத்தான்டி இத்தனை பேர் டாக்டரானாங்க" என்று பக்கத்தில் கட்டியிருந்த வெள்ளாட்டிடம் வாய் ஓயாமல் பீற்றிக்கொள்ளும். வெள்ளாட்டுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஒருநாள் செவலைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அசைபோடக்கூட முடியவில்லை.

"பயமா இருக்குக்கா" என்றது வெள்ளாடு.

"எதுக்குடி? இப்பப் பிள்ளைங்க வந்துருவாங்க."

வந்தார்கள். சீனியரின் பழைய ரெக்கார்டு நோட்டை விரித்து, போன வருஷம் செவலைக்கு இருந்த சூட்டை அப்படியே பார்த்து எழுதினார்கள். 'நூற்றொன்றரை டிகிரி. நார்மல்.' தெர்மாமீட்டர் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

"ஒருத்தராவது தொட்டாங்களாக்கா?"

"பரீட்சை நேரம்டி, பாவம்" என்று முனகியது செவலை.

மறுநாள் காலை எதிரே இருந்த பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் செவலையைக் கிடத்தியிருந்தார்கள். அதே பிள்ளைகள் சுற்றி நின்று, நுரையீரலையும் ஈரலையும் இதயத்தையும் ஒவ்வொன்றாய்க் கையில் ஏந்தி, அழுத்திப் பார்த்து, பொறுமையாகக் குறிப்பெடுத்தார்கள்.

வெள்ளாடு கயிறு இறுக எம்பி, ஜன்னல் வழியே பார்த்துக் கத்தியது:

"அக்கா, தொடுறாங்கக்கா!"