கருகல் அக்காவுக்குப் பயிற்சி

"அது எப்படிம்மா, தினமும் கடைசித் தட்டு மட்டும் கருகுது?"

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் சமையலறையில் நின்று மேலாளர் கேட்டார். கருகிய ரொட்டி ஒன்றை, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் கண் அசந்துட்டேன் சார்," என்றாள் ரொட்டி சுடும் அக்கா.

"நேத்து?"

"நேத்து வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு சார்."

"முந்தாநாள்?"

"முந்தாநாளும் கண்ணுதான் சார்."

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் கருகல் அக்கா என்றே பெயர். நர்சுகள் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் என்ன என்று திரும்பிப் பார்ப்பாள்.

மேலாளர் புதிதாக வந்தவர். வந்த வேகத்தில் ஆஸ்பத்திரியைத் திருத்தியே தீருவது என்று இறங்கியிருந்தார். முதலில் அடுப்பின் மேல் சந்தேகப்பட்டுப் புது அடுப்பு வாங்கினார். அது வந்த அன்றே கருக்கக் கற்றுக்கொண்டது. அடுத்து மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை மாட்டினார். மணி ஒழுங்காக அடித்தது, ரொட்டியும் ஒழுங்காகக் கருகியது.

மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான். அவளையும் மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தார். ஆனால் நியாயவாதி அல்லவா, அதற்கு முன் ஒரு பயிற்சி.

"நாளைக்கு பெரிய ஹோட்டல்லேர்ந்து தலைமைச் சமையல்காரர் வர்றார். அவர் முன்னாடியும் கருக்கினீங்கன்னா, மறுநாள் நீங்க வர வேண்டாம்."

சொன்னபடி மறுநாள் அவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, உருண்டு திரண்ட உடம்பு, சிரித்தே பழக்கமில்லாத முகம். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

மேலாளர் தன் சாதனைகளை எடுத்துவிட்டார். "தலைக்கு ஒரு ரொட்டி சார். குழந்தைக்கு மட்டும்தான். துணைக்கு இருக்கிற அம்மாங்களுக்குக் கிடையாது. போன மாசம் பரிமாறுற ஆள் ஒருத்தன் பாவம் பார்த்து ஒரு அம்மாவுக்கு நீட்டிட்டான். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"கருகினது?"

"அது குப்பைக்கு சார். குப்பைக்கு ஏது கணக்கு? அதுக்கு பதிலா இந்தம்மா இன்னொரு தட்டு சுடுவாங்க. மாவுதான் தண்டம்."

தலைமைச் சமையல்காரர் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தட்டு பொன்னிறமாக வந்தது. அடுத்தடுத்த தட்டுகளும் அப்படியே வந்தன. கடைசித் தட்டை உள்ளே தள்ளிவிட்டு அக்கா பின்கதவைப் பார்த்தாள். பிறகு மேலாளரைப் பார்த்தாள். மறுபடியும் பின்கதவு.

மணி அடித்தது.

அக்கா அசையவில்லை. மேலாளர் தொண்டையைச் செருமினார். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி நாலு வயிறு இருந்தது. சட்டென்று அடுப்பைத் திறந்து தட்டை வெளியே இழுத்தாள்.

ஒரு ரொட்டிகூடக் கருகவில்லை.

"பயிற்சின்னா இது பயிற்சி," என்று மேலாளர் கைதட்டினார். ரொட்டித் தட்டைக் கையில் ஏந்தி, தானே சுட்டது போல நின்று படம் எடுத்துக்கொண்டார். அதை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மாடிக்கு ஓடினார். அக்கா மட்டும் இழவு வீட்டில் நிற்பவளைப் போல நின்றாள்.

தலைமைச் சமையல்காரர் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தார்.

வெளியே குப்பை வாளியைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியின் இடுப்பில், கையில் கட்டுப்போட்ட குழந்தை. வெள்ளைத் தொப்பியைப் பார்த்ததும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் போலத் தரையைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு இல்லம்மா," என்றாள் அக்கா, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"அவங்க மேல தப்பில்லைங்க ஐயா. வாளியை நான் நல்லாக் கழுவித் துணி விரிச்சுத்தான் வைப்பேன். வார்டுல பிள்ளை மிச்சம் வைக்குமான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. அதைப் பார்த்துட்டு எனக்கு வீட்டுல சோறு இறங்கல." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

"சொல்லத்தான் போறேன். உங்களுக்குப் பயிற்சி சுத்தமாப் பத்தாதுன்னு. இன்னும் நான் பல நாள் வர வேண்டியிருக்கும்னு."

அக்காவுக்குப் புரியவில்லை.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மாவை உருட்டிப் புதுத் தட்டில் அடுக்கினார். தட்டை உள்ளே தள்ளி, சூட்டைத் திருகி ஏற்றினார். மணிக் கடிகாரத்தின் வாயை அடைத்தார்.

"இதைக் கருக்கினது நான். கேட்டா என் பேரையே சொல்லுங்க," என்றவர், அதுவரை இல்லாத கோபத்தோடு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தினமும் கடைசித் தட்டையேவா கருக்குவாங்க? ஒரு நாள் முதல் தட்டு, ஒரு நாள் நடுத்தட்டுன்னு மாத்தி மாத்திக் கருக்க வேண்டாமா? எங்க ஹோட்டல்ல இத்தனை வருஷமாக் கருக்கிக்கிட்டிருக்கேன், ஒரு பய கண்டுபிடிச்சதில்ல."