ஆவணத்தில் இல்லாதது

சீட்டைப் பிரித்தாள். எதிர்த்தரப்பு.

அடக் கடவுளே.

எதிர்த்தரப்பு என்றால் ஆஸ்பத்திரி. நர்சுக்காக வேறு யாரோ பேசுவார்கள். ஆஸ்பத்திரிக்காக இவள் பேச வேண்டும்.

சட்டக் கல்லூரியின் மாதிரி நீதிமன்றப் போட்டியில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். பேராசிரியர் சங்கரவடிவு மசியவில்லை.

"வர்ற கட்சிக்காரங்களை எல்லாம் உனக்குப் புடிச்சிருக்கணும்னா, நீ வக்கீலாகி என்னம்மா செய்யப் போற?"

வழக்கைக் கொண்டுவந்து கொடுத்ததே இவள்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

அக்கா ஜெபமலர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. நான்கு வருடம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியை விட்டுப் போகக் கூடாது. அதுவரை நர்சிங் சான்றிதழ்களின் அசல் அவர்கள் பீரோவில் இருக்கும். ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. இப்போது மஸ்கட்டில் வேலை வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் அசலோடு வரச் சொல்கிறார்கள்.

'ஒப்பந்தச் சட்டம்: கோட்பாடும் சமூகச் சூழலும்' பாடத்துக்கு நிஜமான ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் கேட்டபோது இவள் முந்திக்கொண்டு நீட்டினாள். கேட்ட விவரம் எல்லாம் சொன்னாள். பெயர்களை மட்டும் மாற்றினார்கள்.

நாலு பேர் மண்டையை உடைத்துக்கொண்டால் அக்காவுக்கு ஒரு வழி பிறக்காதா என்ற நப்பாசை.

அக்காவுக்கும் அதே நப்பாசை. போட்டி நடந்த அன்றைக்கு முழுநாள் லீவு போட்டிருந்தாள். மூன்று மணிக்கு நிஜ வக்கீலைப் பார்த்து வழக்குப் போட வேண்டும். அதற்கு முன் இதைக் கேட்டுவிடலாம் என்று வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒப்புக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இவள் எழுந்தாள். சத்தியமாக அப்படித்தான்.

ஆனால் நர்சுக்காகப் பேசிய பையன் சும்மா இருக்கவில்லை. பாவம், விவரம் தெரியாத பெண் என்றான். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போட்டிருப்பாள் என்றான்.

இவளுக்குச் சுருக்கென்றது.

யாரைப் பார்த்து விவரம் தெரியாதவள் என்கிறான்?

"மனுதாரர் பட்டம் பெற்ற செவிலியர். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று இரண்டு முறை படித்தவர். தான் செய்வது இன்னதென்று முழுமையாக அறிந்தே கையெழுத்திட்டவர்."

அரங்கில் சலசலப்பு. நீதிபதியாக அமர்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ்வளவு விவரமானவங்க ஏன் இப்படி ஒரு ஒப்பந்தத்துல போய் மாட்டிக்கிட்டாங்க? ஏதாவது நெருக்கடியா?"

கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளம் முன்பணமாகக் கிடைக்கும். அந்த வாரம்தான் இவளுக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா இல்லாத வீடு. வேறு நெருக்கடி என்ன வேண்டும்?

பேராசிரியரிடம் அதை மட்டும் இவள் சொல்லியிருக்கவில்லை. வெட்கம்.

"அப்படி எந்த நெருக்கடியும் ஆவணத்தில் இல்லை, யுவர் ஆனர்."

கணீரென்று சொன்னாள். பாவி, குரல்கூட நடுங்கவில்லை.

கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரி ஜெயித்தது. சிறந்த வழக்குரைஞர் கோப்பை இவளுக்கு. முழங்கை உயரக் கோப்பை. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அக்கா குடையோடு நின்றிருந்தாள்.

"நல்லாப் பேசுனட்டி."

"யக்கா, அது வெறும் போட்டிக்கா. சீட்டுல விழுந்த பக்கம். நெசக் கோர்ட்டுல நீதான் ஜெயிப்ப."

அக்கா சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

"வெளாட்டுக்கே நீ இந்தப் பேச்சு பேசுத. ஆஸ்பத்திரிகிட்ட காசு வாங்கிட்டு வர்றவன் எப்படிப் பேசுவான்? நான்தான படிச்சுப் பாத்துப் போட்டேன்."

போனை எடுத்தாள்.

"சிஸ்டர், லீவு வேண்டாம். ரெண்டு மணி டூட்டிக்கு வந்துருதேன்."

வக்கீல் ஆபீசுக்குப் போகும் பஸ் இந்தப் பக்கம் நிற்கும். அக்கா குடையை விரித்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள்.

கூப்பிட்டிருக்கலாம். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். உனக்கு இருந்த நெருக்கடியே நான்தான் என்று நடுரோட்டில் கத்தியிருக்கலாம். காலையிலிருந்து பொரிந்து தள்ளியவள் கோப்பையோடு வாசலிலேயே நின்றாள்.

பஸ் வந்தது. அக்காவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அங்கிருந்து ஜாடை காட்டினாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள், கீழே போட்டுவிடாதே என்று.