கொட்டை நீக்கிய பழம்
குழந்தைகள் காப்பகத்தின் சமையலறை மேடையில் ஒரு சின்னத் தட்டு. அதில் மூன்று பிளம் கொட்டைகள், சதை ஒட்டாமல் சுரண்டிக் கழுவியவை, ஜன்னல் வெயிலில் பளபளக்கின்றன. கொடுத்த மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அம்மாவின் தோளில் கிடக்கும் மகனுக்கு உதடு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. தட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நடுவுல ஒத்தைக் கொட்டை இருக்குற பழம் எதுவுமே இவனுக்கு ஆகாது. பிளம், பீச், செர்ரி எல்லாம் ஒரே வகைன்னு படம் வரைஞ்சு குடுத்தேனே, கண்ணு எங்க போச்சு?" ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் படம் கோணாமல் ஒட்டியிருக்கிறது. சமையல்காரம்மா துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைக்கிறாள். "அதான் கொட்டையை எடுத்துட்டேனேம்மா." "கொட்டையிலயா இருக்கு வினை? சதைதான் ஆகாது! எடுத்துட்டா சரியாப் போயிடும்னு எந்த அறிவாளி சொன்னான்?" சமையல்காரம்மாவின் பார்வை அவளைத் தாண்டி, வாசலில் மகனின் செருப்போடு நிற்கும் அப்பாவிடம் போகிறது. "காலையில விட வந்தப்ப சார்தான் சொன்னாரு." அவள் மெதுவாகத் திரும்புகிறாள். கால் இல்லாத அந்தச் சின்னச் செருப்புக்கு அவர் மிகக் கவனமாக வார் மாட்டிக்கொண்டிருக்கிறார்.