ஒரு சொம்புத் தண்ணீர்

பெத்தணன் சொம்போடு வீட்டுக்குள்ளிருந்து வந்தபோது அவர் தலையில் ஒட்டடை ஒட்டியிருந்தது.

அருணாதேவி பார்த்தாள். மாமனாரிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது? அவளுக்கு இருந்த படபடப்பில் அவர் தலையில் காக்காய் கூடு கட்டியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

புதுக் கக்கூஸ் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஏழாயிரம்பண்ணையில் ஒரு கக்கூஸைப் பார்க்க இத்தனை பேர் கூடியது அன்றைக்குத்தான்.

எல்லாம் பெத்தணன் வாயால் வந்த வினை.

முந்தின வருஷம், அதாவது இரண்டாயிரத்து மூன்றில், மானியத்தில் தெரு நெடுகக் கக்கூஸ் கட்டினார்கள். தடவைக்கு ஒரு வாளித் தண்ணீர் கேட்டது. தெருக்குழாயில் தண்ணீர் வருவதோ பத்து நாளைக்கு ஒரு தரம். இரண்டே மாதத்தில் ஒன்றில் ஆட்டுக்குட்டி குடியேறியது, அடுத்ததில் விறகுக்கு வைத்த பருத்திமார்க் குச்சிகள். டீக்கடையில் உட்கார்ந்து அதிகம் கேலி பேசியவர் பெத்தணன்தான். கக்கூஸுக்கு ஊற்ற அவ்வளவு தண்ணீர் இருந்தால் நான் நெல்லல்லவா போடுவேன் என்பார்.

இப்போது அவர் வீட்டிலேயே ஒன்று. மகன் பாண்டிமுருகன் பிடித்த பிடிவாதம். சிவகாசியில் பீங்கான் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டான். இந்தப் பீங்கான் நல்ல சரிவு, தடவைக்கு ஒரு சொம்பு போதும் என்று சொன்னார் கொத்தனார் செல்லக்கனி.

டீக்கடை சும்மா விடுமா? ஒரு சொம்பில் போகிறதா என்று எல்லார் முன்னாலும் பார்த்துவிடுவோம் என்று பங்காளி ஊர்க்காவலன் பிடித்துக்கொண்டார். பெத்தணனும் வீம்புக்கு, போகாவிட்டால் நானும் பருத்திமார்தான் அடுக்குவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷர்.

அடுக்கிவிட்டால் அருணாதேவி கதி?

அவளுக்கு ஆறு மாதம். விடியுமுன் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை வேலிக்கருவைப் புதர் மறைவுக்குப் போய் வர வேண்டும். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்தே பகலில் தண்ணீர் குடிக்க மாட்டாள். போன வாரம் பட்டாசுக்குக் காகித வெடிக்குழாய் ஒட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். இப்படித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சாத்தூர் டாக்டரம்மா கண்டித்து அனுப்பினார். கூட வந்த பெத்தணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சோதனைக்கு மைதாப் பசை. குழாய் ஒட்டுகிற வீட்டில் அதற்கா பஞ்சம்? கெட்டியாகக் கிண்டி, தவிடு போட்டு உருட்டச் சொன்னார் ஊர்க்காவலன். நிஜத்துக்கு ஒரு சொம்பு போதும், காகிதத்தையே விடாத பசை பீங்கானை விடுமா என்று செல்லக்கனி புலம்பினார். யாரும் காதில் வாங்கவில்லை. கொஞ்சம் இளக்கமாகக் கிண்டிவிடலாமா என்று அருணாதேவிக்கு ஆசை வந்தது. ஊர்க்காவலன் வெளியடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு உருண்டையையும் விரலால் அமுக்கிப் பார்த்தார்.

நாலு உருண்டை. பீங்கானில் போட்டதும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டன.

பெத்தணன் சொம்பைத் துண்டோடு சேர்த்து நெஞ்சில் அணைத்தபடி முன்னால் வந்தார்.

"ஒரே சொம்பு. அதுக்கு மேல ஒரு சொட்டு கெடையாது."

அருணாதேவி கண்ணை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நகரவில்லை என்றார் யாரோ. ஒன்று வழுக்குகிறது என்றார் இன்னொருவர். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு பள்ளத்துக்குள் களக்கென்று ஒரு சத்தம்.

கண் திறந்தபோது வெள்ளைப் பீங்கானில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் நின்றது.

செல்லக்கனி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊர்க்காவலன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பீங்கான் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். கூட்டம் கலைந்தது.

பெத்தணன் சொம்பைச் சுவரோரம் வைத்துவிட்டு, மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இனி பகல்ல தண்ணி குடி தாயி."

அருணாதேவி உள்ளே போய் நின்றபடியே இரண்டு டம்ளர் குடித்தாள். உச்சி வெயிலில் தண்ணீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்பதே மறந்திருந்தது. புருஷனை நினைத்தாள், செல்லக்கனியை நினைத்தாள், முகம் தெரியாத அந்தச் சிவகாசிக் கடைக்காரரையும் நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு சொம்பைக் கழுவி வைக்கப் போனாள். தூக்கியதும் கை தாழ்ந்தது.

அது அன்றாடம் புழங்குகிற சொம்பு இல்லை. அவள் பிறந்த வீட்டுச் சீரில் வந்த பெரிய சொம்பு. வீட்டுச் சொம்பால் ஊற்றினால் மூன்று சொம்புத் தண்ணீர் பிடிக்கும். மூன்று வருஷமாகப் பரணில், சாக்கில் கட்டிக் கிடந்தது.

அறுபத்திரண்டு வயது மனுஷர் ஏணி போட்டு ஏறியிருக்கிறார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பெத்தணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் பஞ்சம்மாள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்த, மாமா தலையில ஒட்டடை இருக்கு. தட்டிவிடுங்க."

பஞ்சம்மாள் தட்டிவிட்டாள். இந்த மனுஷர் எங்கே போய் இதை அப்பிக்கொண்டு வந்தார் என்று கேட்டாள். பெத்தணன் சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

தெரியலையே அத்தை என்று சொல்லிவிட்டு, அருணாதேவி பானையிலிருந்து இன்னொரு டம்ளர் தண்ணீர் மொண்டாள்.