கொழுந்து லொறி வளைவில் நிற்கிறது

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு இறங்கும் பாதையின் வளைவில் கொழுந்து லொறி நிற்கிறது. போனுக்குச் சிக்னல் கிடைப்பது இந்த இடத்தில்தான். பின்னால் சாக்குகளில் காலைக் கொழுந்து அடைந்து கிடக்கிறது; வெயிலில் அதிக நேரம் நின்றால் சூடேறிக் கெட்டுவிடும். சாரதி நாகேந்திரன் என்ஜினை நிறுத்தவில்லை. பக்கத்து இருக்கையில் அவருடைய மகள் தனுஜா, மடியில் போனை வைத்துக் குனிந்திருக்கிறாள். பண்டாரவளையில் லண்டன் ஏ.எல். என்ற ஆங்கில உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். அவள் விண்ணப்பித்திருந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் முடிவு வந்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. இணையப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு சிறு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து நாகேந்திரனுக்கு அழைப்பு வருகிறது. எடுக்காமல் சட்டைப்பையிலேயே அடிக்க விடுகிறார். கீழே மலையைச் சுற்றி பதுளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது. பக்கம் திறக்கிறது. தனுஜா உதடு அசைய வாசிக்கிறாள், மறுபடியும் மேலே போய் வாசிக்கிறாள்.

“என்னா சொல்றாங்க?”

“இடம் தாறாங்களாம்ப்பா. ஆனா மூனு பாடத்துக்கும் ஏ எடுத்தாத்தானாம்.”

“எடுப்பியா?”

கண்ணாடியில் ஒட்டியிருந்த இலையொன்றை அவள் நகத்தால் சுரண்டுகிறாள்.

“பிசிக்ஸ்தான் பயமா இருக்கு.”

“ரிசல்ட் எப்ப?”

“ஆகஸ்ட்ல.”

அவர் பாதையைப் பார்த்தபடியே தலையாட்டுகிறார்.

“ஆகஸ்ட் அதுபாட்டுக்கு வந்துரும். நீ பிசிக்ஸப் பாரு,” என்று சொல்லிவிட்டுப் பிரேக்கை விடுகிறார்.