மதியம் இரண்டு மணியின் தோள்கள்

"அப்போ அந்த ரெண்டாவது ஆளு யாரு, ஆன்ட்டி?" என்று கேட்டான் மசாஜ் நாற்காலியைச் சர்வீஸ் செய்ய வந்த அருண்பிரசாத்.

"இந்த வீட்ல ஒரே ஆளுதான், தம்பி. அது நான்தான்," என்றாள் நளினி.

கணவர் இறந்த மறு வருடம், முதுகுவலிக்காக அந்த நாற்காலியைச் சென்னையிலிருந்து கப்பலில் தீவுக்கு வரவழைத்திருந்தாள். தினமும் காலையில் இருபது நிமிடம் உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் வலி குறைந்தது, தூக்கமும் வந்தது. ஜங்லிகாட்டின் அந்த வீட்டில் அவளைத் தொடுவதற்கு வேறு எதுவும் இல்லை.

அருண்பிரசாத் போனில் பதிவுகளைக் காட்டினான். யார் உட்கார்ந்தாலும் நாற்காலி முதலில் தோள்களை அளந்துகொள்ளும். காலை ஏழு மணிக்கு நளினியின் அளவு இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு, அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில், அவளைவிட உயரமான ஒருவரின் அளவு இருந்தது. வலது தோள் இடதைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. எல்லா வேலை நாளும் அப்படியே.

அவள் கணவர் சாத்தம் மர ஆலையில் இருபத்தாறு வருடம் வலது தோளில் பலகை சுமந்தவர். ஜங்லிகாட் தையற்காரர் அவர் சட்டையை ஒரு பக்கம் இறக்கித்தான் தைப்பார். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீடு திரும்புவார்.

"கலத் ரீடிங், ஆன்ட்டி. மெஷின் தப்பா அளந்திருக்கு. அழிச்சிடறேன்."

நளினி அவன் கையைப் பிடித்தாள்.

"அழிக்க வேணாம், தம்பி. அந்த வலது தோளுக்கு மட்டும் இன்னும் அஞ்சு நிமிஷம் கூட்டி வச்சிட்டுப் போறீங்களா?"